வெள்ளைப்படுதலுக்கு வீட்டுப் பரிசோதனை: மூன்று வகைப் பெட்டிகள், என் தீர்ப்பு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோனியின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். குச்சியை வாங்கலாம், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் பெட்டி நல்ல பெட்டி. தொற்று திரும்பத் திரும்ப வந்து வாட்டுகிறவர்களுக்கு அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். யோனியில் வாழும் நுண்ணுயிர்கள் அத்தனையையும் விழுக்காட்டோடு பட்டியலிடும் மூன்றாவது வகை வேண்டாம்.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவ ஆய்வகத்தின் நுண்ணுயிரியல் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். பெண்களின் மாதிரிகளைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது என் அன்றாட வேலையாக இருந்தது. இந்தத் தொல்லை என் உடம்புக்கும் புதிதில்லை. மாதிரி கொடுப்பவளின் கூச்சமும் எனக்குத் தெரியும், மாதிரியைப் பார்ப்பவளின் சந்தேகமும் தெரியும். கீழே எழுதியிருப்பவை இரண்டிலிருந்தும் வந்தவை.

அரிப்பு, எரிச்சல், வாடை, நிறமோ தன்மையோ மாறிய வெள்ளைப்படுதல் ஆகியவற்றுக்குப் பின்னால் தொற்று இருந்தால் அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். யோனியைக் காக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் குறைந்து, கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா போன்றவை பெருகிவிட்ட நிலை ஒன்று. பாக்டீரியல் வஜைனோசிஸ் என்பது அதுதான். கேண்டிடா என்னும் பூஞ்சை இரண்டாவது. உடலுறவின் வழியே பரவும் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி மூன்றாவது. பூஞ்சைக்கான களிம்பு மற்ற இரண்டையும் தொடாது. அந்த இரண்டுக்கும் பெரும்பாலும் கொடுக்கப்படும் மெட்ரோனிடசோல் பூஞ்சையைத் தொடாது; அந்த மருந்தை உட்கொண்ட பிறகு பூஞ்சை கிளம்பி அவதிப்படும் பெண்களும் உண்டு. டிரைக்கோமோனாஸ் என்றால் துணைவரும் மருந்து எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது வந்த வழியே திரும்பி வரும்.

அறிகுறியை வைத்தே இவற்றைப் பிரித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அரிப்பு என்றால் பூஞ்சை, மீன் வாடை என்றால் பாக்டீரியா என்று பாடப்புத்தகங்களும் ஒரு வழிகாட்டலைத் தருகின்றன. நடைமுறையில் அது அடிக்கடி தவறிப்போகிறது. பூஞ்சைத் தொற்று என்று தாங்களே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்து அமெரிக்காவில் 2002-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களில் பலருக்குப் பாக்டீரியல் வஜைனோசிஸோ கலப்புத் தொற்றோ இருந்தது. ஏழில் ஒருவருக்கு எந்தத் தொற்றுமே இல்லை. முன்பு ஒருமுறை மருத்துவர் பூஞ்சை என்று உறுதிசெய்திருந்த பெண்களின் ஊகமும் மற்றவர்களின் ஊகத்தைவிடச் சரியாக இருக்கவில்லை. ‘எனக்குத் தெரியாதா, போன தடவை வந்ததுதான் இது’ என்று சொல்லும் ஒவ்வொரு பெண்ணிடமும் இந்த ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். வீட்டுப் பரிசோதனையின் மீது எனக்கு மதிப்பு வந்ததும் இதனால்தான். ஊகத்தில் களிம்பு தடவிக்கொண்டே இருப்பதற்கு ஏதோ ஒரு தடுப்பு வேண்டும்.

பி.எச். குச்சியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு முனையில் சிறு தாள் ஒட்டிய பிளாஸ்டிக் குச்சி அது. யோனிச் சுவரில் சில நொடிகள் தொட்டு எடுத்தால் தாள் நிறம் மாறும். உடன் வரும் நிற அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைப் படிக்க வேண்டும். மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் வயதில் இயல்பான அளவு 3.8 முதல் 4.5 வரை. எண் ஏறினால் அமிலத்தன்மை குறைந்திருக்கிறது என்று பொருள். லாக்டோபேசில்லஸ் சுரக்கும் லாக்டிக் அமிலம்தான் அந்தப் புளிப்புக்குக் காரணம். ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் இந்தப் பாக்டீரியாவைப் பற்றி 1892-இலேயே எழுதிவிட்டார். பாக்டீரியல் வஜைனோசிஸில் அளவு 4.5-ஐத் தாண்டும். டிரைக்கோமோனாஸிலும் பெரும்பாலும் தாண்டும். பூஞ்சைத் தொற்றில் பொதுவாக மாறுவதே இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் குச்சியின் பயன் முழுவதும் இருக்கிறது. அரிப்பும் இருக்கிறது, எண்ணும் உயர்ந்திருக்கிறது என்றால் பூஞ்சைக் களிம்பைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எண் இயல்பாக இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். சோப்பு, மணமூட்டிய அணையாடை, உள்ளாடைத் துணி ஆகியவற்றால் வந்த ஒவ்வாமையாகவும் இருக்கலாம். தோல் நோயாகவும் இருக்கலாம். குச்சி இதற்கு மேல் பேசாது. ஆய்வகத்திலும் இந்த ஒற்றை எண்ணை வைத்து நாங்கள் முடிவு எழுதியதில்லை. 1983-இல் ஆம்செல் குழுவினர் வகுத்த அளவுகோலில் நான்கு அம்சங்கள் உண்டு: மெல்லிய ஒரே சீரான கசிவு, 4.5-ஐத் தாண்டிய பி.எச்., பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் எழும் மீன் வாடை, நுண்ணோக்கியில் தெரியும் ‘க்ளூ’ செல்கள். இந்த நான்கில் குறைந்தது மூன்று இருந்தால்தான் பாக்டீரியல் வஜைனோசிஸ். அந்த க்ளூ செல்களை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தெளிவான விளிம்போடு இருக்க வேண்டிய தோலணுவின் மேல் பாக்டீரியாக்கள் அப்பிக்கொண்டு, ஓரமே தெரியாமல் மணல் கொட்டியதுபோல் இருக்கும். வீட்டுக் குச்சியின் கையில் இருப்பது இந்த நான்கில் ஒன்றே ஒன்றுதான்.

நான் வாங்கிய பெட்டியின் மேல் ‘தொற்றை நொடியில் கண்டறியுங்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே மடித்து வைத்த தாளில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், ‘இது எந்தத் தொற்றையும் உறுதிசெய்யாது’ என்று இருந்தது. உள்ளே இருப்பதுதான் உண்மை. அதை அட்டையின் மேலேயே அச்சிடும் நேர்மை அந்த நிறுவனத்துக்கு இருந்திருக்க வேண்டும். நிற அட்டையும் எனக்குத் திருப்தி இல்லை. மஞ்சளிலிருந்து பச்சைக்கு நகரும் நிறங்களில் 4.5-க்கும் 5-க்கும் இடையிலான வித்தியாசம் மிக மெலிது. முடிவைத் தீர்மானிப்பதே அந்த இடம்தான். குளியலறை விளக்கின் மஞ்சள் ஒளியில் பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரியும். சன்னலருகே பகல் வெளிச்சத்தில், தாள் ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். காயவிட்டுப் பார்த்த நிறத்தை நம்ப வேண்டாம்.

எப்போது சோதிக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். இரத்தத்தின் பி.எச். ஏறத்தாழ 7.4. விந்துவும் காரத்தன்மை உடையது. எனவே மாதவிடாய் நாட்களிலும், உதிரக்கசிவு இருக்கும்போதும், உடலுறவு முடிந்து இரண்டு நாட்களுக்குள்ளும் சோதித்தால் ஆரோக்கியமான பெண்ணுக்கும் எண் ஏறித்தான் தெரியும். உள்ளே வைக்கும் மாத்திரை, களிம்பு, வழுவழுப்புத் திரவம் ஆகியவையும் கணக்கைக் கெடுக்கும். யோனியின் உள்ளே நீர் பீய்ச்சிக் கழுவும் பழக்கமும் அப்படித்தான். பழக்கம் இருந்தால் சோதனைக்காக மட்டுமில்லாமல் மொத்தமாகவே விட்டுவிடுங்கள். காவலுக்கு இருக்கும் லாக்டோபேசில்லஸைக் கழுவி வெளியேற்றுவதுதான் அதில் நடக்கிறது.

மாதவிடாய் நின்றவர்களுக்கு இந்தக் குச்சியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். என் அக்கா என்னிடமிருந்து ஒன்றை வாங்கிச் சோதித்துவிட்டு, பயந்துபோய் அழைத்தாள். எண் ஆறுக்கு மேல். “எனக்கு ஏதோ பெரிய தொற்று வந்துவிட்டது, நீயே ஒரு மாத்திரை சொல்லேன்” என்றாள். “அக்கா, உன் வயதில் அது ஏறித்தான் இருக்கும். மாத்திரை எதுவும் வேண்டாம், மருத்துவரிடம் போய்க் காட்டு” என்றேன். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்ததும் லாக்டோபேசில்லஸுக்கு உணவாகும் கிளைக்கோஜனும் குறைகிறது. அமிலத்தன்மை தானாகவே தளர்ந்துவிடுகிறது. யோனியின் தோல் மெலிந்து வறண்டு எரிச்சல் தருவதும் அதனால்தான். அக்காவை மருத்துவர் பரிசோதித்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதிக் கொடுத்தார். எரிச்சல் அடங்கியது. அந்த எண்ணை நம்பி ஆன்டிபயாட்டிக் விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் எனக்குப் பதைக்கிறது. இந்த வயதுப் பெண்களுக்குத் தனி எச்சரிக்கை எதுவும் அந்தப் பெட்டியின் மேல் இல்லை.

அடுத்தது அனுப்பும் பெட்டி. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு நன்றியுணர்வு வருகிறது.

பூஞ்சைத் தொற்று என்று ஃப்ளுகொனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மாத்திரையை எடுப்பேன். சற்றுத் தணியும், மறுபடி வரும். களிம்பும் அப்படியே. அவசரத்தில் பார்த்த கண்ணாடிச் சில்லிலும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. அதன் பிறகுதான் இந்தப் பெட்டியை வாங்கினேன். உள்ளே ஒரு பஞ்சுக்குச்சி, திரவம் நிரப்பிய சிறு குழாய், பட்டைக்குறியீடு ஒட்டிய பை, அஞ்சல் உறை. குச்சியை உள்ளே ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நுழைத்து, சுவரில் படும்படி மெல்லச் சுழற்றி எடுத்து, குழாய்க்குள் விட்டு, குறியிட்ட இடத்தில் ஒடித்து மூட வேண்டும். வலி இல்லை. பெண்கள் தாங்களே எடுக்கும் மாதிரி, இத்தகைய மரபணுச் சோதனைகளுக்கு, மருத்துவமனையில் எடுப்பதற்கு ஈடானது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கால்களை விரித்துப் படுக்க வைத்து அந்நியர் ஒருவர் மாதிரி எடுப்பதைப் பொறுக்க முடியாத பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சோதனையே வேண்டாம் என்று எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

பெட்டியின் குறை ஒன்று: குழாயில் இருக்கும் திரவத்தைக் கொட்டிவிடக் கூடாது, தோலில் படக் கூடாது என்ற எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. குழாயைத் திறக்கும் படத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி அது.

ஆய்வகத்தில் இந்த மாதிரியை பிசிஆர் முறையில் பார்க்கிறார்கள். கிருமியின் மரபணுத் துணுக்கைத் தேடிப் பெருக்குகிறார்கள். டிரைக்கோமோனாஸுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது நுண்ணோக்கியோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும். உயிரோடு துள்ளும்போது மட்டுமே அந்த ஒட்டுண்ணியைக் கண்ணால் அடையாளம் காண முடியும். மாதிரி எடுத்த சில நிமிடங்களிலேயே அசைவு தளரத் தொடங்கும். அசைவு நின்றுவிட்டால் அது வெள்ளையணுவைப் போலவே தெரியும். மாதிரி மேசைக்கு வந்து சேரத் தாமதமானால் போயிற்று. இப்படி மாதிரியை ஈரமாகவே சில்லில் வைத்துப் பார்க்கும் ஈரச்சில்லுப் பரிசோதனை பாதிக்குச் சற்று முன்பின்னான நோயாளிகளைத்தான் பிடிக்கிறது. மற்றவர்கள் ‘இல்லை’ என்ற தாளோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அஞ்சலில் போகும் மாதிரியில் ஒட்டுண்ணி செத்தே போனாலும் மரபணு கிடைத்துவிடும். அதே காரணத்தால் மருந்து முடித்த உடனே மறுபரிசோதனை செய்யக் கூடாது. செத்த கிருமியின் மிச்சம் சில வாரங்கள் தெரிந்துகொண்டிருக்கும். மீண்டும் தொற்றியிருக்கிறதா என்று மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதுதான் பெண்களுக்குச் சொல்லப்படும் முறை.

என் முடிவில் டிரைக்கோமோனாஸ் இல்லை, பாக்டீரியல் வஜைனோசிஸ் இல்லை. கேண்டிடா அல்பிகன்ஸும் இல்லை. ‘கேண்டிடா கிளாப்ராட்டா: கண்டறியப்பட்டது’ என்று இருந்தது. படித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. பூஞ்சைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அல்பிகன்ஸ். கிளாப்ராட்டா அதன் பங்காளி. ஆனால் ஃப்ளுகொனசோலுக்கு எளிதில் மசியாது. அல்பிகன்ஸைப்போல் இழை விட்டு வளராமல் சிறு சிறு மொட்டணுக்களாக மட்டும் இருப்பதால் சில்லில் கண்ணுக்குத் தப்பும். மருத்துவரிடம் அச்சிட்ட முடிவைக் கொண்டுபோனேன். அவர் அதை மட்டும் நம்பி மருந்து எழுதவில்லை. மாதிரி எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, கிளாப்ராட்டாதான் என்று உறுதியான பிறகு, யோனிக்குள் வைக்கும் போரிக் அமிலக் குளிகைகளை எழுதினார். அதை வாயால் உட்கொண்டால் நஞ்சு என்றும், கர்ப்பமாக இருந்தால் தொடவே கூடாது என்றும் இரண்டு முறை சொன்னார். குணமானேன். எந்தக் கேண்டிடா என்று இனம் பிரித்துச் சொல்லாத பெட்டியாக இருந்திருந்தால், ‘பூஞ்சை’ என்ற ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு மறுபடியும் அதே மாத்திரைக்குத்தான் போயிருப்பேன். ஆகவே வாங்கும் முன் இதை விசாரியுங்கள்: கேண்டிடா இனங்களைப் பிரித்துச் சொல்கிறார்களா?

இந்தப் பெட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. ‘கண்டறியப்பட்டது’ என்பதற்கு ‘அதுதான் நோய்’ என்று பொருள் இல்லை. எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களிலும் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை யோனியில் கேண்டிடாவைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். அறிகுறி இருந்து, கிருமியும் இருந்து, மருத்துவர் பார்த்ததும் அதோடு பொருந்தினால்தான் சிகிச்சை. அறிகுறியே இல்லாமல் ஆர்வத்துக்காகச் சோதித்துப் பார்த்து, வந்த முடிவுக்கு மருந்து தேடுவது வீண்.

காத்திருக்காமல் வீட்டிலேயே முழுச் சோதனையும் முடியும் காலம் வந்துகொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் விஸ்பி நிறுவனத்தின் ஒரு கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. கிளமிடியா, கொனோரியா, டிரைக்கோமோனாஸ் ஆகிய மூன்று பாலியல் தொற்றுகளையும் மருத்துவரின் சீட்டு இல்லாமல் வீட்டிலேயே அரை மணி நேரத்தில் பார்க்கலாம். நான் அதைப் பயன்படுத்தியதில்லை, மதிப்பெண் போட மாட்டேன். ஆனால் அது பூஞ்சையையும் பாக்டீரியல் வஜைனோசிஸையும் தேடுவதில்லை. அதில் ‘இல்லை’ என்று வந்ததால் எல்லாம் நலம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டுச் சோதனைகள் எல்லாம் பெண்ணின் உடலை மட்டும் பார்க்கின்றன என்பதும் எனக்கு உறுத்துகிறது. பாக்டீரியல் வஜைனோசிஸ் சிகிச்சைக்குப் பின்னும் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் திரும்பி வருகிறது. ‘சுத்தமாக இருப்பதில்லை’ என்ற பழியைப் பெண்கள் எத்தனை காலம் சுமந்தார்கள்! ஆஸ்திரேலியாவில் தம்பதிகளிடம் நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்தபோது 12 வாரங்களில் 63 விழுக்காட்டினருக்கு மீண்டும் வந்தது. ஆணுக்கும் சேர்த்து மாத்திரையும் களிம்பும் கொடுத்தபோது அது 35 விழுக்காடாகக் குறைந்தது. பெட்டியோடு வரும் கையேட்டில் துணைவரைப் பற்றி ஒரு பக்கமாவது சேர்க்க வேண்டும். நான் பார்த்த கையேடுகளில் உள்ளாடை பற்றி அரைப் பக்கம் இருக்கிறது, கணவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்றாவது பெட்டி எனக்குக் கோபம் வரவழைத்தது. மாதிரி எடுக்கும் முறை அதேதான். வருவது நீண்ட அறிக்கை: வண்ண வட்டங்கள், விழுக்காடுகள், பெயரே கேள்விப்படாத பாக்டீரியாக்கள், மேலே பெரிதாக ஓர் ஆரோக்கிய மதிப்பெண். எனக்கு அப்போது எந்தத் தொல்லையும் இல்லை. ஆனாலும் என் மதிப்பெண் ‘கவனம் தேவை’ என்று சிவப்பில் வந்தது. கீழே அவர்களே விற்கும் புரோபயாட்டிக், அதாவது ‘நல்ல பாக்டீரியா’, மாத்திரைகளுக்கு இணைப்பு. அறிகுறி எதுவும் இல்லாத 396 பெண்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் ஏறத்தாழ கால் பங்கினரிடம் லாக்டோபேசில்லஸ் கோலோச்சவே இல்லை. வேறு பாக்டீரியாக்களின் கூட்டமே இருந்தது. கார்ட்னெரெல்லா நலமான பெண்களிடமும் காணப்படுகிறது. பட்டியலில் ஒரு பெயர் இருப்பதே நோய் என்றால் உலகில் பாதிப் பேர் நோயாளிகள். ஆராய்ச்சியாளர்களின் கையில் இந்தத் தொழில்நுட்பம் அருமையானது. ஆரோக்கியமான பெண்ணின் கையில் இப்படிக் கொடுத்தால் இல்லாத பயத்தை உண்டாக்கி மாத்திரை விற்கும் வழியாகிவிடுகிறது. தூக்கம் கெட்டுப்போய் அந்த அறிக்கையை என்னிடம் அனுப்பி விளக்கம் கேட்ட இளம்பெண்ணுக்கு ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எந்தப் பெட்டியையும் தேடாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள் முதலில். காய்ச்சல், அடிவயிற்று வலி, உடலுறவுக்குப் பின் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு, புண் அல்லது கொப்புளம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பூஞ்சை அடிக்கடி வரும். அவர்களும் சர்க்கரை அளவோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டுவதே சரி.

வாங்குவதாக முடிவுசெய்தால், எந்தெந்தக் காரணங்களைத் தேடுகிறார்கள் என்று பெயர் பெயராகப் படியுங்கள். மாதிரி போகும் ஆய்வகத்துக்கு, மருத்துவ ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15189 அங்கீகாரமோ அதற்கு நிகரானதோ இருக்கிறதா என்று கேளுங்கள். முடிவு வந்தபின் பேச ஒரு மருத்துவர் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். இன்னொன்றையும் பெண்கள் கேட்கத் தயங்க வேண்டாம்: என் பெயரும் என் முடிவும் யார் யாருக்குப் போகும், மீந்த மாதிரி என்ன ஆகும்? அனுப்பும் பெட்டிக்காரர்களிடம் முடிவு வந்தபின் என் விவரங்களையும் மாதிரியையும் அழித்துவிடும்படி எழுதினேன். மறுப்பு இல்லாமல், அழித்துவிட்டதாக உறுதிசெய்து பதில் வந்தது. அந்தப் பெட்டியை மற்றவர்களுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம்.